பயிற்சிக்குக் காசு யார் கொடுப்பது?

அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊர் எதற்குப் போனாலும் ‘குட்வில்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். முன்பக்கம் பழைய சட்டை, பழைய நாற்காலி, பழைய பீங்கான் தட்டு விற்கும் கடை. பக்கவாட்டில் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். வீட்டில் வேண்டாத பொருட்களை மூட்டையாகக் கட்டிவந்து இறக்கிவைத்துவிட்டு, வருமான வரிக்குக் காட்ட ஒரு ரசீதையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். திருப்பூரில் தைத்து ஏற்றுமதியான டி-ஷர்ட்டும் அந்த மூட்டைகளில் இருக்கும். அது சில டாலருக்கு விற்கும். அந்தக் காசு, அதே ஊரில் ஒருவர் லாரி ஓட்டுநர் உரிமம் எடுக்கவோ, இன்னொருவர் செவிலியர் உதவியாளர் பயிற்சி முடிக்கவோ, சிறையிலிருந்து வந்த ஒருவர் முதல் நேர்காணலுக்குப் போகவோ செலவாகும்.

ஒரு தொண்டு நிறுவனம் தன் வட்டாரத்து மக்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்க வேண்டிய பணத்தைத் தானே சம்பாதித்துக்கொள்வதற்கு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் உதாரணம் இது. அதன் வெற்றியிலும் நமக்குப் பாடம் உண்டு, சறுக்கல்களிலும் உண்டு. திறன் பயிற்சி பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது, என்ன கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ், எத்தனை பேருக்கு வேலை என்றெல்லாம் கேட்கிறோம். பணம் யாருடையது, என்ன நிபந்தனையோடு வந்தது என்று கேட்பதில்லை. மற்ற கேள்விகளுக்கான விடையைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தக் கேள்விதான்.

சாக்கோடு வந்த போதகர்

எட்கர் ஹெல்ம்ஸ் மெதடிஸ்ட் திருச்சபையின் போதகர். பாஸ்டன் நகரின் சவுத் எண்ட் பகுதியில் இருந்த மார்கன் தேவாலயத்தில் ஊழியம் பார்த்தார். கப்பலேறி வந்த குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. வேலை இல்லை, இருந்தாலும் நிலையில்லை. 1902-ல் ஹெல்ம்ஸ் ஒரு வழி கண்டார். வசதியானவர்கள் வாழும் தெருக்களுக்குச் சாக்குகளோடு போய்ப் பழைய துணிமணிகளையும் வீட்டுப் பொருட்களையும் சேகரித்தார். சவுத் எண்டின் ஏழைகளைக் கூலி கொடுத்து அமர்த்தி அவற்றைத் தைக்கவும் செப்பனிடவும் வைத்தார். சீரான பொருட்களைக் குறைந்த விலையில் விற்று, வந்த காசிலிருந்து அதே கூலியைக் கொடுத்தார். தானமாகக் கையில் போடாமல் பிழைக்க ஒரு வாய்ப்புக் கொடுப்பது என்பதே அந்த இயக்கத்தின் முழக்கமாக ஆனது.

இந்த ஏற்பாட்டில் பயிற்சி தனி வகுப்பாக இல்லை. தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் கூலியும் பெற்றார், தொழிலும் கற்றார். அவர் தைத்த சட்டையே அடுத்தவரின் கூலிக்கு முதலானது. ‘குட்வில்’ என்ற பெயர் பின்னாளில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்கிய பட்டறையிடமிருந்து வந்து எல்லோருக்கும் பொதுவானது. 1942-ல் ஹெல்ம்ஸ் இறந்தபோது இந்த முறை அமெரிக்காவின் பல நகரங்களில் வேர்விட்டிருந்தது.

வட்டாரத்தின் காசு வட்டாரத்துக்கே

இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 150 குட்வில் அமைப்புகள் உள்ளன. கடைகள் 3,300-க்கு மேல். எல்லாவற்றின் ஆண்டு வரவையும் கூட்டினால் 7 பில்லியன் டாலரைத் தாண்டும். மேரிலாந்து மாநிலத்தில் தலைமையகம் ஒன்று உண்டு என்றாலும், ஒவ்வொரு அமைப்பும் தனித் தொண்டு நிறுவனமாகப் பதிவானது. அதற்கென்று எல்லை வகுத்த வட்டாரம், உள்ளூர்க்காரர்கள் அமர்ந்த நிர்வாகக் குழு, தனி வரவு செலவு. தலைமையகத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள். மற்றபடி, ஒரு வட்டாரத்தில் விற்ற பொருளின் காசு அந்த வட்டாரத்தில்தான் செலவாகிறது.

உள்ளூரில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதை உள்ளூர்க்காரர்தான் அறிவார். மருத்துவமனைகள் நிறைந்த நகரத்தில் செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கும், சரக்குக் கிடங்குகள் பெருகிய நகரத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டும் பயிற்சிக்கும் கூட்டம் வரும். தலைநகரத்தில் அச்சிட்ட ஒரே பாடப் பட்டியலை எல்லா ஊருக்கும் அனுப்ப வேண்டிய அவசியம் இந்த அமைப்பில் இல்லை.

வந்து இறங்கும் மூட்டை போகும் பாதையும் சுவாரசியமானது. முதலில் தரம் பிரிப்பார்கள். நல்லவை வண்ணச் சீட்டு கட்டப்பட்டுக் கடைக்குப் போகும். வாரத்துக்கு ஒரு நிறம். சில வாரங்களில் விற்காத நிறத்துக்குத் தள்ளுபடி. அப்போதும் போகாதவை எடைக்கு விற்கும் கடைக்குச் செல்லும். அங்கேயும் மிஞ்சிய துணிகள் பேல்களாக அழுத்திக் கட்டப்பட்டுப் பழந்துணி வியாபாரிகளுக்கு விற்கப்படும். அமெரிக்கப் பழந்துணியின் ஒரு பங்கு இப்படித்தான் கடல் தாண்டிக் குஜராத்தின் காண்ட்லா பொருளாதார மண்டலத்துக்குத் தரம் பிரிக்கவும், ஹரியாணாவின் பானிபட்டுக்குப் பழைய கம்பளியைப் பிரித்து மீண்டும் நூலாக்கவும் வருகிறது.

விலைமதிப்புள்ள பொருட்களைத் தனியே எடுத்து இணையத்தில் ஏலம் விடுவதும் உண்டு. அந்த ஏலத் தளத்தை 1999-ல் தொடங்கியது தலைமையகம் அல்ல. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் உள்ள வட்டார அமைப்பு. பிறகு நாடெங்கும் உள்ள மற்ற குட்வில்கள் அதில் சேர்ந்துகொண்டன. தரம் பிரிப்பவர் கண்ணுக்குத் தப்பும் பொருளும் இருக்கத்தான் செய்யும். 2018-ல் டெக்சஸின் ஆஸ்டின் நகரக் குட்வில் கடையில் 34.99 டாலருக்கு விற்ற ஒரு பளிங்குத் தலைச்சிலை, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ரோமானியச் சிற்பம் என்று பிறகு தெரிந்தது. ஜெர்மனியின் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து போர்க்காலத்தில் காணாமல்போனது அது. கடைசியில் ஜெர்மனிக்கே திரும்பியது.

ஒவ்வொரு பைக்கும் ஒரு நிபந்தனை

கடை வருமானம் மட்டும் போதுவதில்லை. குட்வில் அமைப்புகளின் பணம் மூன்று பைகளிலிருந்து வருகிறது: கடை, அரசு, கொடையாளர்.

அரசுப் பணம் ஒப்பந்தமாக வருகிறது. 2014-ல் இயற்றப்பட்ட பணியாளர் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அமெரிக்காவெங்கும் வேலை மையங்கள் உள்ளன. பல ஊர்களில் அவற்றை நடத்தும் ஒப்பந்தத்தைக் குட்வில் எடுக்கிறது. பயிற்சி முடித்தவர் வெளியேறியபின் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா, சம்பளம் எவ்வளவு என்று அந்தச் சட்டம் அளக்கிறது. மாற்றுத் திறனாளிகளை வேலைக்கு வைத்திருக்கும் தொண்டு நிறுவனங்களிடம் மத்திய அரசு அலுவலகங்கள் துப்புரவு, சலவை போன்ற சேவைகளை வாங்கும் திட்டமும் உண்டு. அதன் வேர் 1938-ன் சட்டத்தில் இருக்கிறது. இவை நம்பகமான வரவுகள். ஆனால் யாருக்கு, எத்தனை மாதம், எந்தச் செலவுக்கு என்பதை அரசு எழுதிக்கொடுத்துவிடும்.

கொடையாளர் பணத்துக்கும் வாய்க்கால் வெட்டியிருக்கும். 2017-ல் கூகுளின் அறக்கட்டளை 1 கோடி டாலர் கொடுத்தது, கணினித் திறன் பயிற்சிக்கென்று. நிபந்தனையே இல்லாமல் கொடுப்பவர்கள் அரிது. 2020-ல் பெருங்கொடையாளர் மெக்கென்ஸி ஸ்காட் பல வட்டாரக் குட்வில் அமைப்புகளுக்கு அப்படிக் கொடுத்தது செய்தியானதே அதன் அரிதினால்தான்.

கடைக் காசு மட்டும்தான் எவரிடமும் அனுமதி கேட்காமல் செலவிடக்கூடியது. வேலைப் பயிற்சியில் உண்மையில் ஆட்கள் விழும் குழிகளை அடைப்பது அந்தக் காசு. வகுப்பு இலவசம், பேருந்துக் கட்டணம் இல்லை. வேலை கிடைத்துவிட்டது, கட்டாயம் அணிய வேண்டிய பாதுகாப்புக் காலணி வாங்க முதல் சம்பளம் வரை பொறுக்க முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நான்காவது வாரத்தில் நின்றுபோகிறார் ஒரு தாய். வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் மேற்பார்வையாளரோடு தகராறு; பேசி வைக்க ஒருவர் இருந்தால் வேலை நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். இப்படிப்பட்ட செலவுகளுக்கு எந்த ஒப்பந்தத்திலும் எளிதில் தலைப்புக் கிடைப்பதில்லை.

மூன்று பைகளும் சரியாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இண்டியானா மாநிலம் காட்டியது. அங்கே மத்திய, தென் இண்டியானா குட்வில் 2010-ல் ‘எக்செல் சென்டர்’ என்ற பள்ளியைத் திறந்தது. பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கான உயர்நிலைப் பள்ளி அது. கட்டணம் கிடையாது. படிக்கும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அதே கட்டடத்தில் இடம். ஒவ்வொருவருக்கும் கூட இருந்து வழிகாட்ட ஒருவர். பள்ளிச் சான்றிதழோடு ஒரு தொழில் சான்றிதழும். வேலைப் பயிற்சிக்கு வந்தவர்களில் பலருக்குப் பள்ளிப் படிப்பே முடியாதிருந்ததால், அவர்கள் எந்தப் பயிற்சிக்குப் பிறகும் கீழ்ச் சம்பளத்திலேயே தங்கிவிடுகிறார்கள் என்ற பட்டறிவிலிருந்து பிறந்த யோசனை. இப்போது ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநில அரசு நிதி தருகிறது. டெக்சஸ், டென்னசி, தலைநகர் வாஷிங்டன் எனப் பல இடங்களில் அதே பள்ளி திறந்திருக்கிறது. இங்கே பட்டம் பெற்றவர்களின் சம்பளம் குறிப்பிடத்தக்க அளவு கூடியதை நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வும் உறுதி செய்தது.

பொறுமையான பணத்தால்தான் நீண்ட பயிற்சி சாத்தியம் என்பதற்குக் கடை இல்லாத உதாரணமும் உண்டு. 1990-ல் டெக்சஸின் சான் அன்டோனியோ நகரில் லீவை ஸ்ட்ராஸ் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலையிழந்தார்கள். தேவாலயங்களைச் சுற்றி உருவான இரண்டு மக்கள் அமைப்புகள் நகராட்சியை நெருக்கி நிதி ஒதுக்க வைத்தன. 1992-ல் ‘புராஜெக்ட் குவெஸ்ட்’ பிறந்தது. கல்லூரிக் கட்டணம், புத்தகம், வாரந்தோறும் கூடிப் பேசும் கூட்டம் என்று, ஒருவரை இரண்டு ஆண்டுவரைகூடத் தாங்கிப் பிடிக்கிறது அது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய ஆய்வில், ஆறு ஆண்டுகள் கழித்து அங்கே பயின்றவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் அந்த வேறுபாடு தெரியவே இல்லை. படித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போது குறைவாகத்தான் சம்பாதித்தார்கள். ஆண்டு முடிவில் கணக்குக் கேட்டிருந்தால் அந்தத் திட்டத்துக்குத் தோல்வி என்று முத்திரை குத்தியிருப்பார்கள்.

கடையே எஜமானன் ஆனால்

சொந்தச் சம்பாத்தியம் சுதந்திரம் தரும். கூடவே ஒரு சோதனையையும் வைக்கும். கடை நடத்துவது நோக்கத்துக்கான வழி என்று தொடங்கி, நாளடைவில் கடையே நோக்கமாகிவிடலாம்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் அதுதான் நடந்தது என்று 2016-ல் உள்ளூர் நாளிதழ் ஒன்று கணக்குகளைத் தோண்டி எழுதியது. உயர் அதிகாரிகளுக்குத் தாராளமான சம்பளம். வேலைப் பயிற்சிக்கோ கடை லாபத்தில் சிறு பங்குதான். தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது. இதில் கணக்கியல் சிக்கல் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. கடையில் வேலை பார்ப்பதும் ஒருவகைப் பயிற்சிதான் என்று சொல்லிக் கடை நடத்தும் செலவு முழுவதையும் ‘சேவைச் செலவு’ என்று காட்டிவிடலாம். நூறு டாலரில் எண்பதுக்கு மேல் சேவைக்கே போகிறது என்று விளம்பரம் செய்யும்போது, கடையின் வாடகையும் மின்கட்டணமும் அந்த எண்பதுக்குள் இருக்கக்கூடும். பொய் என்று தள்ள முடியாது. முழு உண்மை என்று கொள்ளவும் முடியாது.

அதைவிடக் கசப்பானது கூலிப் பிரச்சினை. 1938-ன் நியாயக் கூலிச் சட்டத்தில் 14-சி என்றொரு பிரிவு இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க அது அனுமதிக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு குட்வில் அமைப்பு சிலருக்கு மணிக்கு 22 சென்ட் வரை இறங்கிக் கூலி கொடுத்ததை 2013-ல் என்பிசி தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. அதே காலத்தில் சில வட்டாரங்களின் தலைமை நிர்வாகிகள் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் பெற்றார்கள். எழுந்த கண்டனத்துக்குப் பிறகு பல குட்வில்கள் அந்தப் பிரிவைக் கைவிட்டன. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. 2024 டிசம்பரில் தொழிலாளர் துறை அதைப் படிப்படியாக நீக்க முன்மொழிந்து, 2025-ல் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதைக் கேட்டுத் தமிழர்கள் தலையசைத்துவிட்டு நகர முடியாது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டுகள் ‘பயிற்சியாளர்’ கணக்கில் வைத்துக் குறைகூலிக்கு வேலை வாங்கிய வரலாறு நமக்கு உண்டு. பயிற்சி என்ற பட்டம் கூலியை வெட்டுவதற்கான கத்தியாவது எந்த நாட்டிலும் நடக்கும். தொண்டு நிறுவனம் என்பதாலேயே யாரும் விதிவிலக்கல்ல.

மூன்றாவது அபாயம், கடை கவிழ்ந்தால் எல்லாம் கவிழும் என்பது. 2016 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ வட்டாரக் குட்வில் ஒரே நாளில் 16 கடைகளை மூடியது. 430 பேர் காலையில் வேலைக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்தார்கள். வேலை வாங்கிக் கொடுக்கப் பிறந்த நிறுவனமே வேலையைப் பறித்தது. 2020-ல் கொரோனா வந்தபோது அமெரிக்கக் கடைகள் மூடின. நாடே வேலையிழந்து பயிற்சியும் வழிகாட்டலும் மிகவும் தேவைப்பட்ட அந்த மாதங்களில் கடைக் காசு வற்றிப்போனது. பொருளாதாரம் சுருங்கும்போது தேவை கூடும், வரவு குறையும் என்ற முரண் இந்த முறையின் பிறவிக் குறை.

கொடுப்பவர்களின் மனமும் செலவு வைக்கிறது. உடைந்த பொம்மை, ஊறிய மெத்தை, கிழிந்த திரைச்சீலை என்று குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டியதை எல்லாம் தானமாக இறக்கிவிட்டுப் போகிறார்கள். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் பகுதிகளில் 30 இடங்களில் இயங்கும் வடக்கு நியூ இங்கிலாந்து குட்வில், விற்க முடியாத பொருட்களை அப்புறப்படுத்த மட்டும் ஆண்டுக்கு 12 லட்சம் டாலர் செலவழித்ததாக 2021-ல் தெரிவித்தது. யாரோ ஒருவரின் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது.

நம் பக்கத்துக் கணக்கு

நம்மூரில் திறன் பயிற்சிக்குப் பெரும்பாலான பணம் அரசிடமிருந்து வருகிறது. அடுத்தது பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. இரண்டும் எப்படிக் கொடுக்கப்படுகின்றன என்று பார்த்தால் பல புதிர்கள் விடுபடும்.

மத்தியத் திறன் மேம்பாட்டு அமைச்சகம் 2015-ல் வகுத்த பொதுச் செலவு நெறிமுறைகள், ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று தொகை நிர்ணயித்தன. பணம் மூன்று தவணை. பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம். சான்றிதழ் கொடுத்ததும் 50 சதவீதம். வேலை கிடைத்தால் கடைசி 20 சதவீதம். அந்தக் கடைசித் தவணையும் முழுமையாக வேண்டுமென்றால் பயிற்சி முடித்தவர்களில் 70 சதவீதத்தினர் மூன்று மாதத்துக்குள் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். நெறிமுறை வகுத்தவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் பயிற்சி மையம் நடத்துபவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நூறு ரூபாயில் எண்பது ரூபாய் ஒருவருக்கும் வேலை கிடைக்காமலே வந்துவிடுகிறது. மிச்சம் இருபதைப் பிடிக்க வேண்டுமென்றால், எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடிய இருபது வயது இளைஞர்களைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். கைக்குழந்தையோடு வரும் விதவை, நாற்பது வயதில் ஆலை மூடி வெளியே வந்த தொழிலாளி, காது கேளாத இளைஞர் ஆகியோரைச் சேர்ப்பது நஷ்டம்.

இந்தப் பொறுக்கியெடுக்கும் பழக்கம் நமக்கே உரியது என்று வருந்த வேண்டாம். 1982-ன் அமெரிக்க வேலைப் பயிற்சிச் சட்டம், வேலையில் சேர்ந்தவர் எண்ணிக்கையை வைத்து நிறுவனங்களை மதிப்பிட்டபோது அங்கேயும் இதே புகார் எழுந்தது; பல ஆண்டு ஆய்வுகளுக்கு அதுவே பொருளானது. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தலைகளைத்தான் எண்ணுவார்கள்.

சமூகப் பொறுப்பு நிதிக்கு வருவோம். 2013-ன் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். வேலைத் திறன் பயிற்சி அதில் அனுமதிக்கப்பட்ட தலைப்பு. ஆனால் நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது. ஆலைகள் குவிந்த ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் அது நல்லது. ஆலையே இல்லாத மாவட்டத்து இளைஞருக்கு என்ன வழி? தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுதான் எல்லை. பயிற்சி மையம் ஊரின் நம்பிக்கையைப் பெற்று, முதலாளிகளோடு உறவு வளர்த்து முடிக்கும் நேரத்தில் நிதி நின்றுவிடும்.

அப்படியானால் தொண்டு நிறுவனங்கள் தாமே சம்பாதிக்கலாமே என்றால், அங்கே வருமான வரிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ‘பொதுப் பயன்பாடு’ என்ற வகையில் வரும் அறநிறுவனம், மொத்த வரவில் 20 சதவீதத்துக்கு மேல் வணிகத்தில் ஈட்டினால் அந்த ஆண்டின் வரிவிலக்கை இழக்கும். தொண்டு என்ற பெயரில் வியாபாரம் செய்பவர்களைத் தடுக்க வந்த விதி இது. அந்தத் தேவையை மறுக்க முடியாது. ஆனால் ‘கல்வி’ என்பதற்கு நீதிமன்றங்கள் முறையான பள்ளிக் கல்வி என்று குறுகிய பொருள் கொள்ளும் நிலையில், வேலைப் பயிற்சி தரும் நிறுவனம் எந்த வகையில் விழும் என்ற அச்சம் எப்போதும் இருக்கும். கடை நடத்திப் பயிற்சிக்குச் செலவழிக்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது பட்டயக் கணக்கரை.

இதற்கு நடுவிலும் தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. நாம் அதைக் கண் மருத்துவமனை என்று மட்டுமே பார்க்கிறோம். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், கட்டணம் செலுத்துவோரின் வருமானத்தில் மற்றவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை தருவதை உலகமே படித்தது. அதே வருமானம் இன்னொன்றையும் செய்கிறது. கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டுகள் வேலையோடு பயிற்சி தந்து, கண் மருத்துவ உதவியாளர்களாக்குகிறது. மருத்துவமனையின் ஊழியர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். தலைக்கு இவ்வளவு என்று யாரும் கொடுக்காததால் மூன்று மாதச் சான்றிதழோடு முடித்துவிடும் அவசரம் அங்கே இல்லை. வேலை எங்கே இருக்கிறது என்பது பயிற்சியின் முதல் நாளே தெரியும்.

என்ன செய்யலாம்?

அமெரிக்கர்களைப் பார்த்து நாமும் பழந்துணிக் கடை திறக்க வேண்டியதில்லை. நம் தெருக்களில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவரும், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களின் வாரிசுகளும் அந்தச் சந்தையை நெடுநாளாக நடத்திவருகிறார்கள். அவர்கள் பிழைப்பில் கைவைக்கத் தேவையில்லை. உணவகம், நர்சரி, அச்சகம், வாகனப் பழுதுபார்ப்பு, முதியோர் பராமரிப்பு என்று வட்டாரத்துக்கு ஏற்ற தொழில் எதுவும் பயிற்சிக் கூடமாகவும் வருமானமாகவும் ஆகலாம். எடுத்துக்கொள்ள வேண்டியது கடையின் உருவத்தை அல்ல, நிபந்தனையற்ற பணம் ஒரு பங்காவது கையில் இருக்க வேண்டும் என்ற கொள்கையை.

முதலாவதாக, அரசுத் தவணைகளின் எடையை மாற்ற வேண்டும். சான்றிதழுக்கான பங்கைக் குறைத்து, ஓராண்டு கழித்தும் வேலையில் நீடிப்பவருக்கான பங்கைக் கூட்டலாம். வேலை கிடைக்கச் சிரமப்படுபவரைச் சேர்த்தால் கூடுதல் தொகை என்ற விதி இல்லாமல் அதைச் செய்தால், பொறுக்கியெடுப்பது இன்னும் மோசமாகும். ஆகவே இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ‘நான் முதல்வன்’ போன்ற பெரிய திறன் பயிற்சித் திட்டத்தை நடத்தும் மாநில அரசுக்கு, சில மாவட்டங்களில் இதைச் சோதித்துப் பார்ப்பது கடினமல்ல.

இரண்டாவதாக, சமூகப் பொறுப்பு நிதி தரும் நிறுவனங்கள் தங்கள் பெயர் பொறித்த கணினி அறைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு பங்கைத் தலைப்பு இல்லாமல் கொடுக்கப் பழக வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் கல்வெட்டு வைக்க முடியாதுதான். பயிற்சி பாதியில் நிற்காமல் இருப்பது அவற்றால்தான்.

மூன்றாவதாக, வேலைப் பயிற்சியை வருமான வரிச் சட்டத்தில் கல்விக்கு நிகராகத் தெளிவாக வரையறுத்து, ஈட்டிய வருமானம் முழுவதும் பயிற்சிக்கே போகும் நிறுவனங்களுக்கு அந்த 20 சதவீத வரம்பைத் தளர்த்த வேண்டும். இதற்குப் பதிலாக அவற்றிடம் அரசு கேட்க வேண்டியது, குட்வில்லின் சறுக்கல்கள் சொல்லித்தரும் கணக்கு: தொழிலில் வந்தது எவ்வளவு, தொழில் நடத்தச் செலவானது எவ்வளவு, அந்தச் செலவைச் சேவை என்று காட்டாமல் பயிற்சிக்கு நேராகப் போனது எவ்வளவு, அங்கே மிகக் குறைந்த கூலி என்ன, மிக அதிகச் சம்பளம் என்ன. ஒரே பக்கத்தில் அடங்கும் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வைக்கத் தயங்கும் நிறுவனத்துக்குச் சலுகை வேண்டாம். பயிற்சியில் இருப்பவர் விற்பனைக்கான பொருளைச் செய்தால் குறைந்தபட்சக் கூலி கட்டாயம் என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

நான்காவது கடமை தொண்டு நிறுவனங்களுக்கே உரியது. நல்ல ஆண்டில் வரும் லாபத்தில் ஒரு பகுதியைக் கெட்ட ஆண்டுக்கென்று ஒதுக்கிவைக்கும் ஒழுக்கம் வேண்டும். டொரண்டோவில் பூட்டிய கதவுக்கு முன் நின்ற 430 பேரைக் காப்பாற்றுவதற்கு அதைத் தவிர வேறு வழி அந்த முறைக்குள் இல்லை.

ஒரு பயிற்சி மையத்தின் திறப்பு விழாவில் இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி என்று மேடையில் அறிவிக்கிறார்கள். கீழே அமர்ந்திருப்பவர்கள், குறிப்பாகச் செய்தியாளர்கள், கேட்க வேண்டியது இரண்டு: இந்தப் பணம் எந்த மாதத்தோடு நிற்கும்? நின்ற பிறகு, வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு இரண்டாம் மாதம் பிரச்சினை வந்தால் அவள் அழைக்கும் தொலைபேசியை எடுப்பவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? இவற்றுக்கு விடை வைத்திருக்கும் மையத்துக்குத்தான் அரசின் அடுத்த ரூபாயும் நிறுவனத்தின் அடுத்த ரூபாயும் போக வேண்டும்.